சீனி வாங்காத வாய்

"அந்த ஆட்ட வாங்காதீங்க. பல்லு ஆடுது."

பின்னாலிருந்து ஓர் இளைஞன் சொன்னான். ஆட்டின் கீழ் உதட்டை விலக்கிப் பிடித்திருந்த ஷமாவின் விரல்கள் அப்படியே நின்றன.

பட்டுக்கோட்டை ஆட்டுச் சந்தை. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிவிட்டதால் கூட்டம் நெரிந்தது. கண்புரை அறுவை செய்துகொண்ட வாப்பா ஜெக்கரியாவுக்குப் பார்வை இன்னும் தெளியவில்லை. குர்பானி ஆட்டைப் பல் பார்த்து வாங்க மகளின் கண்ணை நம்பித்தான் வந்திருந்தார்.

ஆட்டுக்காரர் நல்லக்கண்ணு பாய்ந்தார். "யோவ், அது பால் பல்லுய்யா! விழுந்து மொளைக்கிற வயசு!"

"பால் பல்லுன்னா ஈறு இப்படி வீங்கிச் சிவந்து கெடக்காதுண்ணே. இது நோவு. நான் ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரியில ஆராய்ச்சி பண்றேன். வேணும்னா நீங்களே அமுக்கிப் பாருங்க, ரத்தம் வரும்."

வாப்பா கயிற்றை விட்டுவிட்டார். "குர்பானி குடுக்குற ஆட்டுல குறை இருக்கக் கூடாதும்மா."

குறை...

அந்தச் சொல் ஷமாவுக்குள் எங்கோ போய் விழுந்தது. மூடிய வாய்க்குள் நாக்கு தானாக மேல்வரிசை முன்பல்லைத் தொட்டது. மெல்லத் தள்ளியது. பல் அசைந்தது.

அவளுக்கு வயது இருபத்து மூன்று. ஓராண்டாகவே பல் விளக்கினால் ரத்தம். உம்மா சைத்தூன் பீவி ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். 'டாக்டர்கிட்ட போனா ஊருக்கே தெரிஞ்சுடும்டி. சிரிக்கிறப்ப வாயைப் பொத்திக்க. நிக்காஹ் முடியட்டும், பாத்துக்கலாம்' என்பதுதான் உம்மாவின் வைத்தியம். ஞாயிற்றுக்கிழமை துபாய் மாப்பிள்ளையின் வீட்டார் வருகிறார்கள்.

மழை சடசடவென்று இறங்கியது. வாப்பா அவளைத் தேநீர்க் கடையின் தார்ப்பாய்க்கு அடியில் உட்காரவைத்துவிட்டு நண்பகல் லுஹர் தொழப் போனார். போகும்போது அந்த இளைஞனிடம் பேர் கேட்டார். அப்சர் என்றான். "அப்சர் தம்பி, நல்ல ஆடா நீங்களே ஒண்ணு பாத்துக் குடுங்க" என்று கேட்டுவிட்டுப் போனார். ஷமாவுக்கு எரிச்சலாக வந்தது.

அவன் நனைந்துகொண்டே வந்து தார்ப்பாயின் மறு ஓரத்தில் நின்றான். இமைகளில் மழைத்துளி... துடைக்காமல் அப்படியே பார்த்தான்.

"கோவமா?"

"வாயில்லா ஜீவனை எல்லார் முன்னாடியும் அவமானப்படுத்திட்டீங்க."

"அவமானமா? வெட்டு தப்பிச்சுதுன்னு அது எனக்கு துவா செஞ்சிட்டு இருக்கும்ங்க!"

அடக்குவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. கை ஒரு கணம் தாமதமாகத்தான் வாய்க்குப் போனது.

அந்த ஒரு கணம் போதும். அவன் பார்த்துவிட்டான். அவன் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். அவன் கண்ணிலிருந்த விளையாட்டு அணைந்தது.

"எவ்வளவு நாளா ரத்தம் வருது?"

"நான் என்ன சந்தைக்கு வந்த ஆடா?"

"ஐயோ, இல்லங்க... நான் ஆராய்ச்சி பண்றதே நாயோட ஈறுலதான். அதான் கண்ணு அங்கேயே போயிடுது. மன்னிச்சிடுங்க."

எழுந்து போயிருக்கலாம். ஆனால் ஓராண்டாக யாரிடமும் கேட்க முடியாத கேள்வி ஒன்று அவளிடம் இருந்தது. முன்பின் தெரியாதவனிடம் கேட்பது எளிதாக இருந்தது.

"ரெண்டு வேளையும் விளக்குறேன். அப்புறம் ஏன்?"

அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "கிருமி ஆரம்பிச்சுதான் வைக்குது. எலும்பைக் கரைக்கிறது நம்ம உடம்பேதான். கிருமி வந்துட்டுன்னு காவல் செல்லெல்லாம் ஒண்ணுக்கொண்ணு ரசாயனத்துல தகவல் அனுப்பும். ஈறு வீங்கும், சிவக்கும். அது நல்லதுக்குத்தான். வேலை முடிஞ்சதும் 'போதும்'னு இன்னொரு தகவல் வரணும். சிலர் உடம்புல அந்தப் 'போதும்' சரியா வர்றதில்ல. மொதல் தகவல் எலும்பு வரைக்கும் போயி, எலும்பைக் கரைக்கிற செல்லை எழுப்பி விட்டுடும். கட்டுற செல்லால ஈடு குடுக்க முடியாது. மதகைத் தெறந்தவன் மூடாம விட்டா வாய்க்கால் கரை அரிக்குமே... அப்படி."

"அப்ப என் உடம்பே எனக்கு எதிரியா?"

"எதிரி இல்லங்க. பயந்து போயிருக்கு. காப்பாத்துறேன்னு நெனச்சுக்கிட்டே இடிக்குது."

ஏனோ உம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது.

"சரியாகுமா?"

"போன எலும்பு முழுசா திரும்பாது. மேற்கொண்டு போகாம நிறுத்தப் பாக்கலாம். ஆனா தள்ளிப் போடக் கூடாது. தஞ்சாவூர்ல ஈறு டாக்டர் இருக்காங்க... மனுசங்களுக்கு."

"ஞாயித்துக்கிழமை என்னைப் பாக்க வர்றாங்க. அதுக்கப்புறம்தான் எதுவும்."

அவன் முகத்தில் என்னவோ வந்து போனது.

"அவங்களுக்கு... தெரியுமா?"

சுருக்கென்றது. ஷமா எழுந்தாள். "உங்க இரக்கம் எனக்கு வேணாம். அதை நாய்ங்களுக்கு வச்சுக்குங்க."

மழையிலேயே நடந்தாள். நாலு எட்டு போவதற்குள் அந்தச் சொல்லுக்காக மனம் வலித்தது. திரும்பிப் பார்க்க ரோஷம் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முன்னறை முழுக்க அத்தர் வாசம். மாப்பிள்ளையின் தாய் மர்யம் மாமிக்கு ஷமாவைப் பிடித்துவிட்டது. "என்ன அடக்கம்! பல்லு தெரியச் சிரிக்கக்கூட மாட்டேங்குது புள்ள!" என்றாள். உம்மாவின் முகம் மலர்ந்தது. ஷமா உதட்டை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

கொல்லைப்புறத்தில் யாரோ பேசும் குரல்... சன்னல் வழியே பார்த்தாள். அப்சர்! அவன் வாங்கிக் கொடுத்த ஆடு தும்முகிறது என்று வாப்பா வரச் சொல்லியிருந்தார். ஆட்டின் நெஞ்சில் காது வைத்திருந்தவன் நிமிர்ந்தான். பார்வைகள் மோதின. அவன்தான் முதலில் தலையைக் குனிந்துகொண்டான்.

"பேச்சு முடிஞ்சுது, சீனி கொண்டாங்க" என்றாள் மர்யம் மாமி.

பெண்ணின் வாயில் சீனி போட்டுவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு இரு வீடும் பேச்சு மாறாது. மாமியின் விரல்கள் சீனியோடு நெருங்கின. "வாயைத் தெற புள்ள..."

இப்போது திறந்தால், இனி வாழ்நாள் முழுக்க மூடிக்கொள்ள வேண்டும்.

"மாமி... கொஞ்சம் இருங்க."

உம்மாவின் விரல்கள் அவள் முழங்கையைக் கிள்ளின. ஷமா நிறுத்தவில்லை.

"எனக்கு ஈறுல நோவு. எலும்பு கரையுது. முன்பல்லு ஆடுது. வைத்தியம் பாக்கப் போறேன். பல்லு நிக்கலாம், விழவும் செய்யலாம். இதைத் தெரிஞ்சுக்கிட்டு சீனி போடுங்க."

மாமியின் விரலிடுக்கிலிருந்து சீனி தட்டிலேயே உதிர்ந்தது.

"மவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றோம்" என்றாள். குரலில் கோபமில்லை. ஆனால் வைத்த தேநீரை யாரும் தொடாமல் எழுந்து போனார்கள்.

"எல்லாத்தையும் கெடுத்துட்டியேடி..." உம்மா அழுதாள்.

ஷமா அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "என்னைக் காப்பாத்தத்தான் மறைச்சே. தெரியும் உம்மா. ஆனா போதும்."

வாப்பா மகளின் தலையில் ஒருமுறை கை வைத்துவிட்டு, விருந்தினரை வழியனுப்பத் தெருவுக்குப் போனார்.

ஷமா கொல்லைக்கு வந்தாள். தூறல் போட்டது. தென்னையடியில் அப்சர் நின்றிருந்தான். எல்லாம் கேட்டிருக்கிறது, முகமே சொன்னது.

"நான் அன்னிக்குச் சொன்னதாலயா...?"

"உங்களுக்காக இல்ல." ஷமா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அந்தச் சீனியை முழுங்கியிருந்தா, அப்புறம் தின்ற சோறெல்லாம் பொய்யா இருந்திருக்கும்."

"இரக்கம்னு சொன்னீங்க..."

"சொன்னேன்."

"இரக்கமா இருந்தா சந்தையோட மறந்திருப்பேங்க. உங்க வாப்பா நம்பரை எடுத்து எடுத்துப் பாத்துட்டு வச்சிட்டேன்... இன்னிக்கு அவங்களே கூப்பிட்டு ஆட்டுக்குச் சளின்னாங்க. ஆட்டுக்குச் சளி புடிச்சதுக்கு சந்தோசப்பட்ட டாக்டர் உலகத்துலயே நான் ஒருத்தன்தான்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"பல்லு விழுந்தா?"

"விழக் கூடாதுன்னு துவா செய்வேன். விழுந்தா, உங்களோட சேந்து நானும் அழுவேன். அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியலங்க." தூறலில் அவன் கண்கள் பளபளத்தன. "உங்க வாப்பாகிட்ட... கேக்கட்டுமா?"

"வாப்பாகிட்ட எல்லாரும் கேட்டாச்சு. உம்மாகிட்டயும் கேட்டாச்சு." அவள் நேராகப் பார்த்தாள். "என்கிட்டதான் இன்னும் யாரும் கேக்கல."

நாய்க்கும் மாட்டுக்கும் பயப்படாதவன், ஒரு கேள்விக்கு இத்தனை திணறினான்...

"ஷமா... என்னைப் பிடிச்சிருக்கா?"

"பிடிக்காதவங்க மேல எனக்கு அவ்வளவு கோவம் வராது" என்றாள் ஷமா.