மேதை குடித்த கிளாஸ்

மேதை மேஜை மேல் கவிழ்ந்ததும் மாணவர்கள் கை தட்டினார்கள்.

இரண்டு நண்பர்கள் ஜூஸ் குடிக்கும் காட்சி. அதில் சாவே இல்லை. ஆனாலும் தட்டினார்கள். தட்டாவிட்டால் மார்க் போய்விடுமே!

வாயோரம் நுரை தள்ளிய பிறகுதான் கைதட்டல் நின்றது...

பழம்பெரும் திரைப்படக் கல்லூரி அது. மேதை அங்கே டைரக்‌ஷன் பேராசிரியர். வாழ்நாளில் ஒரே படம் எடுத்தவர். கட்டின மனைவியே அதை இடைவேளைக்கு மேல் பார்க்கவில்லை. ‘மேதை’ என்பது அவரே தனக்கு வைத்துக்கொண்ட பெயர். மாணவர்கள் நடிப்பதைப் பார்த்தால் குமட்டுகிறது என்று சொல்லி, செய்முறை வகுப்பில் தானே நடித்துக் காட்ட உட்கார்ந்தார்.

விஷம் என்றார் டாக்டர்.

எதிர் நாற்காலியில் நடித்த மாணவனை இன்ஸ்பெக்டர் ஓரம் கட்டினார்.

“உன் கதையத் திருடி, தன் பேர்ல வித்துட்டாராமே?”

“ஆமா சார். நாளைக்குக் கோர்ட்டுக்குப் போறதா இருந்தேன்.”

“அதுக்குள்ள தீர்ப்பு எழுதிட்ட.”

“ஜெயிக்கிற கேஸ் சார். செத்துப்போன ஆள்கிட்ட நான் என்னத்த வாங்குறது?”

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. விலங்கை எடுத்தார்.

அப்போதுதான் கேமரா மாணவன் தயங்கித் தயங்கி வந்தான். ஷாட் இடைவேளையில் கேமராவை நிறுத்த மறந்துவிட்டதாகச் சொன்னான்.

போட்டுப் பார்த்தார்கள்.

ஆளில்லாத செட். மேஜையில் இரண்டு கிளாஸ். மாணவன் பக்கம் பாதி குடித்தது. மேதை பக்கம் நிறைந்தது.

பூனை போல வந்தார்... மேதை!

பையிலிருந்து பொட்டலம் எடுத்தார். பாதி கிளாஸ் போதாது என்று நினைத்தாரோ என்னவோ, நிறைந்த கிளாஸில் கொட்டிக் கலக்கி, அதை மாணவன் பக்கம் மாற்றி வைத்தார். தலையை வாரிக்கொண்டு போனார்.

“அப்புறம் எப்படி இவரே குடிச்சார்?”

திரையில் ஒரு மாணவி வந்தாள். கன்டின்யூட்டி பார்ப்பவள். முந்தைய ஷாட்டில் எது எங்கே இருந்ததோ, அதே மாதிரி வைப்பது அவள் வேலை. செல்போனில் படத்தைப் பார்த்தாள். கிளாஸ்களை இடம் மாற்றி வைத்தாள்.

நேரில் நின்றவள் செல்போன் படத்தை நீட்டினாள்.

“நெறஞ்ச கிளாஸ் சார் பக்கம்தான் இருந்துச்சு. ஒரு பொருள் இடம் மாறினாலும் ஃபெயில் போடுவேன்னு சார்தான் சொல்லியிருந்தார்...”

வந்து உட்கார்ந்த மேதை மேஜையைப் பார்க்கவே இல்லை. மானிட்டரில் தன் அழகைப் பார்த்துக்கொண்டே குடித்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் விலங்கை உள்ளே வைத்தார். செல்போன் அடித்தது. மேலதிகாரி.

“என்னய்யா, கொலைகாரன் சிக்கினானா?”

“சிக்கிட்டான் சார். ஜாமீன்கூட கேக்க மாட்டான்!”