தெருவே அடுக்கிய பை

மேஜை மேலிருந்த செல்போன் அலறியது!

திரையில் மிக்கேலின் முகம். சிரித்துக்கொண்டிருந்தது.

ரீத்தா கையை நீட்டினாள்.

"தொடாதீங்க!"

கை பாதியில் நின்றது.

"என் வீட்டுக்காரருங்க மேடம்... போர்ட் பிளேர்லருந்து... வந்து சேந்துட்டேன்னு ஒரே ஒரு வார்த்தை..."

"வந்து சேந்துட்டீங்களா? யார் சொன்னா? நீங்க இன்னும் மலேசியாவுக்குள்ள வரலம்மா. இந்த ரூமுக்குள்ளதான் வந்திருக்கீங்க."

சொன்னவள் இந்திராணி. கோலாலம்பூர் விமான நிலையத்தின் சுங்க அதிகாரி. இஸ்திரி போட்ட சட்டை, இஸ்திரி போட்ட முகம். தமிழ் பேசுகிற அதிகாரி என்று தெரிந்ததும் ரீத்தாவுக்கு வந்த நிம்மதி, அந்தத் தமிழைக் கேட்டதும் போய்விட்டது.

போன் கத்தி ஓய்ந்தது.

எல்லாம் அந்தக் கைரேகைக் கண்ணாடியில் ஆரம்பித்த வினை!

இமிக்ரேஷன் கவுண்டரில் விரலை வைக்கச் சொன்னார்கள். வைத்தாள். சிவப்பு விளக்கு. விரலைப் புடவையில் துடைத்து மறுபடி வைத்தாள். சிவப்பு! பின்னால் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். போர்ட் பிளேர் ஹேடோ மார்க்கெட்டில் மீன் ஆய்ந்து விற்கிறவளுடைய விரல்கள் அவை. செதிலோடு செதிலாக ரேகையும் எப்போதோ கழுவிப் போயிருந்தது. அது எந்த மெஷினுக்குத் தெரியும்?

"எங்கே தங்கப் போறீங்க?" என்று சைகையும் இங்கிலீஷுமாகக் கேட்டார்கள்.

"ஆஸ்பத்திரி," என்றாள்.

அவ்வளவுதான். ஓரமாக நில் என்றார்கள். பெட்டி எங்கே என்றார்கள். இந்த அறைக்குக் கூட்டி வந்து கதவைச் சாத்தினார்கள்.

அவள் சொன்னது சத்தியமான உண்மை! மகன் லாரன்ஸ் கிள்ளானில் கப்பல் பட்டறை வெல்டர். இரும்புத் தகடு காலில் விழுந்துவிட்டது. நாளைக் காலை ஆபரேஷன். காலைக் காப்பாற்ற முடியுமா, எடுத்துவிட வேண்டுமா... கத்தி வைத்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். 'எங்கம்மா வராம யாரும் என்னைத் தொடக் கூடாது' என்று படுக்கையில் கிடந்து கத்திக்கொண்டிருக்கிறான் அவன்.

அம்மா வந்துவிட்டாள். இங்கே உட்கார்ந்திருக்கிறாள்!

இந்திராணி ரப்பர் கையுறையை மாட்டினாள்.

"இந்தப் பையை நீங்களே அடுக்குனீங்களா?"

"இல்லீங்க மேடம்."

இந்திராணியின் புருவம் ஏறியது.

"பின்ன யாரு?"

"எங்க தெருவே அடுக்குச்சு!"

"என்னா?"

"இந்த அல்வா பஸீலா குடுத்தது. இந்தச் சுறாக் கருவாடு டயானா. நண்டு ஊறுகாய் சொர்ணம்மாக்கா. அப்புறம் தமீம் பாய் கடை முறுக்கு..."

"யாரு என்ன குடுத்தாலும் வாங்கிக்குவீங்களா?"

"எப்படி மேடம் மாட்டேன்னு சொல்றது?"

நிஜமாகவே அவளுக்கு விளங்கவில்லை. மெயின்லாண்ட் போகிற கப்பலில் ஏறுகிறவர் கையில் பார்சல் கொடுப்பதும், கொடுத்ததை வாங்கிக்கொள்வதும் அந்தமானில் மூச்சு விடுகிற மாதிரி. வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்னால் ஜன்மத்துக்கும் பேச்சு நின்றுபோகும். இப்போது கப்பலுக்குப் பதில் விமானம். அவ்வளவுதானே?

இந்திராணி நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டாள். குரல் தாழ்ந்தது.

"அம்மா, போன மாசம் உங்கள மாதிரியே ஒருத்தவங்க அதே நாற்காலியில உக்காந்தாங்க. 'பக்கத்து வீட்டுக்காரங்க குடுத்தது'ன்னுதான் அவங்களும் சொன்னாங்க. உள்ள போதைப் பவுடர் இருந்துச்சு. இன்னிக்கும் உள்ளதான் இருக்காங்க. அந்தச் சாமானுக்கு இங்க தூக்கு வரைக்கும் போகும். தெரியுமா?"

தூக்கு!

ரீத்தா கழுத்திலிருந்த மாதா சுரூபப் பதக்கத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ மேடம்! நான் அந்த மாதிரி ஆளு இல்ல! வேணும்னா அந்தத் தம்பியக் கேளுங்க... ஹரிஹரன்னு... என்கூடத்தான் ஃப்ளைட்ல வந்துச்சு. எனக்காக வெளிய நின்னுட்டிருக்கும். ஹேவ்லாக் தீவுல டைவிங் சொல்லிக் குடுக்குது. தங்கமான புள்ள. பாருங்க, இந்த போனுக்கு வைஃபை போட்டுக் குடுத்ததே அதுதான்!"

போன் மறுபடி அலறியது. மிக்கேல் சிரித்தான். யாரும் எடுக்கவில்லை.

இந்திராணி வாசலில் நின்ற தடித்த காவலருக்கு ஏதோ மலாயில் சொன்னாள். அவர் போனார்.

சற்று நேரத்தில்...

ஹரிஹரன் வந்தான். வெயிலில் கறுத்த தோள். பக்கத்தில் சக்கரம் வைத்த நீலப் பை.

ரீத்தாவுக்கு உயிர் வந்தது!

"வந்துட்டியா தம்பி! நல்ல வேளை. நான் யாருன்னு மேடம்கிட்ட நீயே சொல்லுப்பா!"

ஹரிஹரன் அவளைப் பார்த்தான். பிரித்துப் போட்ட பையைப் பார்த்தான். இந்திராணியின் கையுறையைப் பார்த்தான்.

"யாரு இவங்க?"

ரீத்தா நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள்.

"தம்பி...?"

"க்யூவுல பக்கத்துல நின்னாங்க மேடம். அவ்ளோதான். முன்னப்பின்ன பாத்ததே இல்ல."

"அடப்பாவி! நேத்து சாயந்தரம் எங்க வீட்ல மீன் குழம்பு ஊத்திச் சாப்பிட்டியேடா! ரூம் கூட புக் பண்ணலக்கான்னு அப்பவே சொன்ன. ஐயோ பாவம், எங்க போய்த் தங்கப் போறியோன்னு நான் வருத்தப்பட்டேனே!"

"பாத்தீங்களா மேடம்? இப்படித்தான் ஒட்டிக்கிறாங்க." அவன் குரலில் பிசிறே இல்லை. "சொல்ல வேணாம்னு பாத்தேன். இவங்க பையில ஒரு டீத்தூள் பாக்கெட் இருக்கு. பச்சைக் கலர். என்னைக் கொண்டு வரச் சொன்னாங்க. நான் மாட்டேன்னுட்டேன். எனக்கு என்னமோ சரியா படல. வேணும்னா என் பையையும் பாத்துக்குங்க. எனக்கு மடியில கனம் இல்ல!"

ரீத்தா பையைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்த பாக்கெட்! நேற்று அவன்தானே கொண்டு வந்தான்? 'அங்க தெரிஞ்சவங்களுக்கு டீத்தூள். என் பையில டைவிங் சாமான், ரப்பர் வாடை ஏறிடும். உங்க பையில வெக்கிறேனே அக்கா' என்று அவன்தானே துணி சுற்றி அடியில் வைத்தான்?

அப்படியென்றால்... அது டீத்தூள் இல்லை!

தெரிந்தேதான் வைத்திருக்கிறான். மாட்டினால் அவள். தப்பினால் சரக்கு அவனுக்கு!

இந்திராணி பையைக் கவிழ்த்தாள்.

அல்வா விழுந்தது. ஊறுகாய் பாட்டில் உருண்டது. முறுக்கு நொறுங்கியது. லாரன்ஸுக்கு எடுத்து வந்த லுங்கிகள். ஜெபமாலை. பையின் அடித்தட்டு வரைக்கும் தடவினாள்.

டீத்தூள் பாக்கெட்?

இல்லை!

"காணோமே!" என்று கத்தினாள் ரீத்தா. பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது.

"ஓ! அப்ப இருந்துச்சு?"

"இருந்துச்சு மேடம்... இந்தத் தம்பி குடுத்தது... இந்த மூலையிலதான் இருந்துச்சு..."

"பொய்! எங்கயோ ஒளிச்சு வெச்சிருக்காங்க. நல்லா தேடுங்க மேடம்!" ஹரிஹரனின் நெற்றியில் முதல் தடவையாக வியர்வை.

"யாருக்குக் கைமாத்துனீங்க?" இந்திராணி எழுந்து நின்றாள். "உள்ள வர்றதுக்குள்ள யார்கிட்ட குடுத்தீங்க? பாத்ரூம்லயா? சொல்லிடுங்கம்மா. நீங்களா சொன்னா ஒரு மாதிரி. நாங்களா கண்டுபுடிச்சா வேற மாதிரி."

"தெரியாது மேடம்! மாதா சத்தியமா தெரியாது!"

லாரன்ஸ் படுக்கையில் கத்துவது காதில் கேட்டது. அம்மா வராம தொடக் கூடாது... அம்மா வராம...

போன் மூன்றாம் முறையாக அலறியது!

இந்திராணி அதை முறைத்தாள். யோசித்தாள். ஸ்பீக்கரை அழுத்தினாள். உதட்டில் விரல் வைத்து எச்சரித்துவிட்டு, பேசு என்று கண்ணைக் காட்டினாள்.

"ஹ... ஹலோ..."

"அரே, எத்தன தடவடி அடிக்கிறது? ஏறங்கிட்டல்ல? அச்சா, சுன்... கேளு, ஒரு முக்கியமான விஷயம். அந்த டைவிங் தம்பி பக்கத்துல இருக்கா? இருந்தா ஸ்பீக்கர் போடாத!"

மேலே பேசு என்று இந்திராணி தலையசைத்தாள்.

"ஏ... ஏங்க?"

"அது குடுத்த டீ பாக்கெட்டு உன் பையில இல்ல. தேடிப் பதறாத. காலைல ஏர்போர்ட் வாசல்ல உன் பையத் தூக்கிப் பாத்தேன், கல்லு மாதிரி கனம்! எதையாச்சும் எறக்கணும். அல்வாவ எடுத்தா பஸீலா மனசு நோகும். ஊறுகாய எடுத்தா சொர்ணம்மாக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கும். நீ பாத்ரூம் போயிருந்த. அந்தத் தம்பி அதோட பையப் பாத்துக்கச் சொல்லிட்டு சிகரெட் புடிக்கப் போச்சு. அதோட சாமான அதோட பையிலயே சொருகிட்டேன். சைடு ஜிப்புல. பஸ், அவ்ளோதான்! மாட்டேன்னு நேரா சொல்லக் கூச்சமா இருந்துச்சு. நீ நைஸா சொல்லிரு, என்ன?"

ரீத்தா மெதுவாகத் திரும்பினாள்.

இந்திராணியும் திரும்பினாள்.

நீலப் பை ஹரிஹரனின் கால் பக்கத்தில் சாதுவாக நின்றது.

அவன் பாய்ந்தான்! கதவு வரைக்கும்தான். தடித்த காவலரின் மார்பில் முட்டித் திரும்பி வந்தான்.

சர்ர்ர்...

பக்கவாட்டு ஜிப் திறந்தது. பச்சை பாக்கெட். இந்திராணி ஓரத்தைக் கத்தரித்தாள். உள்ளே கறுப்பாக ஒரு துகள்கூட இல்லை. உடைத்த கல்கண்டு மாதிரி வெள்ளை வெள்ளையாக மின்னியது.

"இது எப்படி...? நான் அக்கா பையிலதானே வெச்சேன்... என் கையால..."

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான்.

"ஆமாவா?" என்றாள் இந்திராணி. "இப்ப அக்கா ஆயிட்டாங்களா?"

"இல்ல... அவங்க புருஷன்தான் என்னை மாட்டி விடறதுக்கு..."

"கவலைப்படாதீங்க தம்பி. யாரு கட்டுன பாக்கெட்டுன்னு உள்பக்கம் ரேகை எடுத்தா தெரிஞ்சிடும். அந்தம்மாவுக்குத்தான் ரேகையே இல்லலா!"

காவலர் அவன் கைகளைப் பின்னால் முறுக்கினார். க்ளிக்!

ரீத்தா மாதா சுரூபத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த மனுஷன் மட்டும் காலையில் பையைத் தூக்கிப் பார்க்காமல் விட்டிருந்தால்...?

"ஒரு வாக்குமூலம் மட்டும் எழுதிக்கிறோம். வீட்டுக்காரர்கிட்டயும் பேசணும். அப்புறம் நம்ம வண்டியிலயே ஆஸ்பத்திரில விட்டுடறேன்," என்றாள் இந்திராணி. இஸ்திரி கொஞ்சம் கலைந்திருந்தது. "இனிமே யாராச்சும் பார்சல் குடுத்தா?"

"பிரிச்சுப் பாத்துட்டு வாங்கிக்கிறேன் மேடம்."

"வாங்க மாட்டேன்னு சொல்ல வராதா?"

"எங்க ஊர்லயா?"

மேஜை மேலிருந்து குரல் கேட்டது. மிக்கேல் இன்னும் லைனில்தான் இருந்தான்.

"ஹலோ... ஹலோ... என்னடி சத்தம் அங்க? தம்பி கோவிச்சுக்கிச்சா? பாவம், ரூம் கூட போடலன்னுச்சே. எங்க போய்த் தங்கும்?"

ரீத்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தக் கவலையே வேணாங்க. கவர்மெண்டே ரூம் போட்டுக் குடுத்துருச்சு... வாசல்ல காவல் வேற!"