98-க்கு நடுவே ஒரு புள்ளி

அந்த அலறல் பாதியிலேயே நின்றுபோனது!

முலாம் பூசும் தொழிற்சாலையின் பின்முற்றம். காலை பதினொன்றரை மணி. பீப்பாய் கழுவுகிறவன் ஒரு பீப்பாய்க்குள் ஹோஸைப் போட்டுத் தண்ணீரைத் திறந்தான். அடுத்த நொடி... அடியில் மிச்சமிருந்த ஆசிட் கொதித்துச் சீறி அவன் முகத்தில் பாய்ந்தது.

லேபிலிருந்து கெமிஸ்ட் ஓடிவந்தாள். அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் அவன்.

பீப்பாயில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. கந்தக அமிலம், 9.8 சதவீதம்.

அவ்வளவு நீர்த்த ஆசிட்டில் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் ஒன்றும் ஆகாது. கடும் ஆசிட்டில் விட்டால் ஆளைக் கொல்லும். உள்ளே இருந்தது 98. நடுவில் யாரோ ஒரு புள்ளி வைத்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே அவன் உயிர் போய்விட்டது.

மறுநாள் காலை. மேனேஜர் அறை.

மேனேஜர் சுழல் நாற்காலியில் இருந்தார். அவர் தலைக்கு மேலே கண்ணாடி ஃப்ரேமில் ஒரு சர்டிபிகேட். வேதியியலில் முதுகலைப் பட்டம், தங்கப் பதக்கம்!

எதிரே இன்ஸ்பெக்டர். நரைத்த கொண்டை, அவசரமில்லாத கண்கள். சுவரோரம் செத்தவனின் மனைவி. அழுது முடித்துக் கோபத்துக்கு வந்திருந்தாள்.

"அண்ணி, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க..." என்றாள் கெமிஸ்ட்.

"என்னத்தைக் கேக்கச் சொல்றே? தங்கச்சி போட்ட நம்பர்னா கண்ணை மூடிட்டு நம்பலாம்பாரு. நம்பினாரு, போயிட்டாரு. இனிமே எங்க வீட்டு வாசப்படி மிதிக்காதே."

கெமிஸ்டின் முகம் வெளிறியது. ஜெயில் அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த வாசல்படிதான் தெரிந்தது.

"நேத்து என்ன நடந்துச்சும்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஒன்பது மணிக்கு அந்த பீப்பாயிலேர்ந்து ஒரு கிராம் ஆசிட் எடுத்தேன் மேடம். தண்ணியில கலந்து, ரெண்டு சொட்டு இண்டிகேட்டர் விட்டேன். பியூரெட்னு ஒரு நீளக் கண்ணாடிக் குழாய் இருக்கு. அதுலேர்ந்து ஆசிட்டை முறிக்கிற காரத்தைச் சொட்டுச் சொட்டா விடணும். ரோஸ் நிறம் வந்து நின்னா ஆசிட் தீர்ந்துடுச்சுன்னு அர்த்தம்."

"அதுல சதவீதம் எப்படித் தெரியும்?"

"எங்க காரம் ஒரு மில்லி செலவானா 4.9 சதவீதம். எனக்கு இருபது மில்லி செலவாச்சு. பெருக்கிப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் செல்போனில் தட்டினார். "தொண்ணூத்தெட்டு."

"அதைத்தான் எழுதி சார் கையில குடுத்தேன்."

மேனேஜர் உச்சுக் கொட்டினார்.

"பாவம் மேடம், அண்ணன் போன அதிர்ச்சியில கதையை மாத்துறா. அவ குடுத்த ஷீட் இதோ இருக்கு. ரெண்டு மில்லினு எழுதியிருக்கா. ரெண்டை 4.9ஆல பெருக்கினா 9.8. அதைப் பாத்துத்தான் நான் சீட்டு ஒட்டினேன். இருபதை ரெண்டுன்னு படிச்சவ இவ, பழி என் மேலயா?"

ஷீட்டை மேஜையில் தள்ளினார்.

ஆரம்பம் 50. முடிவு 48. செலவு 2. கீழே அச்சு அசலாக அவள் கையெழுத்து.

"இது உன் கையெழுத்தாம்மா?"

அவள் ஷீட்டைத் தன் பக்கம் இழுத்தாள். அந்த மூன்று எண்களையே பார்த்தாள். இரவு முழுக்க நெஞ்சை அடைத்திருந்த துக்கம் அப்படியே ஆத்திரமாகத் திரும்பியது.

"சார்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கலாமா மேடம்?"

"கேளு."

"சார், அம்பது மில்லி பியூரெட். வேலையை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அதுல காரத்தைக் கோடு வரைக்கும் நிரப்பிட்டோம். ரீடிங் என்ன?"

மேனேஜர் சிரித்தார். "அம்பது. அம்பது மில்லிக் குழாயை நிரப்பினா அம்பதுதானே? ஸ்கூல் பசங்களைக் கேட்டாக்கூடச் சொல்லுவாங்க."

அவள் பக்கத்து அறைக்குப் போய் பியூரெட்டை எடுத்துவந்து இன்ஸ்பெக்டரின் முன்னால் நிறுத்திப் பிடித்தாள்.

"மேல என்ன எண் போட்டிருக்கு மேடம்?"

இன்ஸ்பெக்டர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார். "சைபர்."

"அடியில?"

"அம்பது."

"எவ்வளவு இருக்குன்னு அளக்கிற குழாய் இல்ல மேடம் இது. எவ்வளவு செலவாச்சுன்னு அளக்கிறது. நிரப்பினா சைபர். காரம் இறங்க இறங்க எண் ஏறும். அம்பதுன்னா குழாய் காலி. காலிக் குழாயிலேர்ந்து நான் எதைச் சொட்ட விட்டேன்? நாலு வருஷமா நான் எழுதின ஷீட் எல்லாம் லேப்ல இருக்கு. ஒண்ணுலகூட அம்பதுல ஆரம்பிச்சிருக்க மாட்டேன். ஒரு நாளாவது பியூரெட்டைத் தொட்டவங்க யாரும் இப்படி எழுத மாட்டாங்க."



இன்ஸ்பெக்டர் மெல்லத் தலையை நிமிர்த்தி அந்த ஃப்ரேமைப் பார்த்தார். பிறகு மேனேஜரைப் பார்த்தார்.

"தங்கப் பதக்கம் சார்... இதை எங்கே வாங்கினீங்க?"

மேனேஜரின் நெற்றியில் வியர்வை பொடித்தது. ஆமாம்... அந்த மனிதர் வேதியியல் வகுப்பின் வாசலைக்கூடப் பார்த்ததில்லை!

"கடும் ஆசிட் பின்முற்றத்துல இருக்கக் கூடாது மேடம்... பூட்டின ரூமுக்குப் போகணும். பத்து மணிக்கு ஆபீசருங்க சோதனைக்கு வர்றாங்கன்னு போன் வந்துச்சு. பீப்பாயை நகர்த்த நேரமில்ல. சும்மா ஒரு சீட்டை மாத்தி ஒட்டினேன்... அதுக்கேத்த மாதிரி ஷீட்டும் எழுதி அவ கையெழுத்தையும் நானே போட்டேன். அவங்க போனதும் கிழிச்சிடலாம்னு நெனச்சேன். மறந்துட்டேன்."

"மறந்துட்டீங்க," என்றாள் கெமிஸ்ட். "எங்கண்ணன் மறக்கல சார். மத்தியானத்துக்குள்ள எல்லாப் பீப்பாயையும் கழுவணும்னு நீங்க சொன்னதை மறக்கவே இல்ல. செஞ்சதும் இல்லாம அவரு சாவை என் தலையில கட்டப் பாத்தீங்க."

சுவரோரம் நின்றவள் நகர்ந்து வந்தாள். மேனேஜரை அறையப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் நாத்தனாரின் கையைப் பிடித்தாள்.

"வா, வீட்டுக்குப் போலாம். பசங்க நேத்துலேர்ந்து அத்தை எங்கேன்னு கேக்குதுங்க."

இன்ஸ்பெக்டர் ஃப்ரேமைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேனேஜரை எழுப்பினார். "உயிர் போனதுக்கு ஒரு கேஸ், பொய் ஷீட்டுக்கு ஒண்ணு, இந்தப் படத்துக்கு ஒண்ணு. நடங்க."

வாசலைத் தாண்டும்போது கெமிஸ்ட் கூப்பிட்டாள்.

"சார், உள்ளே போய் நாள் எண்ணும்போதாவது சைபர்லேர்ந்து ஆரம்பிங்க."