பதினோரு கட்டங்கள்

மெரின் கணினியில் மாற்றி வைத்த ஈ ஃபிளாட் சுரம், அவள் தேநீர்க் குவளையைக் கழுவிவிட்டு வருவதற்குள் மறுபடி டி ஷார்ப் ஆகியிருந்தது.

பியானோவில் இரண்டும் ஒரே கறுப்புக் கட்டைதான். வயலின் வாசிப்பவர்களுக்கு அப்படியில்லை. டி ஷார்ப் என்றால் மேலே ஏறத் துடிக்கிற சுரம். ஈ ஃபிளாட் என்றால் கீழே சாயப் போகிற சுரம். தாளில் பெயர் மாறியிருந்தால் ஒத்திகையில் வயலின் குழுவின் நான்கு பேரும் நிமிர்ந்து முறைப்பார்கள். ஆஸ்திரேலியாவின் தென்கோடி ஹோபார்ட்டில் பதினெட்டு வருடமாக இசைப்பிரதிகளைக் கணினியில் ஏற்றித் தருகிற மெரினுக்கு இது பழகிய தலைவலி. பியானோ கீபோர்டில் வாசித்து ஏற்றினால் மென்பொருளுக்கு ஒலி தெரியும், பெயர் தெரியாது. அதுவாக ஒன்றை ஊகித்துக்கொள்ளும். அந்த வசதியை அணைத்தாள். பெயர் மாற்றும் கட்டளையைக் கொடுத்தாள். ஈ ஃபிளாட். சேமித்தாள்.

அங்கே ஜூலை நடுக்குளிர்காலம்; மாலை நாலரை மணிக்கே வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. தகரக் கூரையில் மழை ஒரே சீராக இரைந்துகொண்டிருக்க, அடுப்பில் காயாத யூகலிப்டஸ் விறகு சீறிப் புகைய, அந்தப் புகைக்கும் அடியில், நனைந்த கம்பளிக் கோட்டை அறைக்குள் மாட்டி வைத்தால் எழுமே, அந்த முடைநாற்றம் மெல்லப் பரவியது. அவளிடம் கம்பளிக் கோட்டு கிடையாது.

திரையைப் பார்த்தாள். டி ஷார்ப். பக்கத்தில் இன்னொன்றும் மாறியிருந்தது. மூன்றாவதும்.

கோப்பை மூடித் திறந்தாள். நேற்றைய நகலை எடுத்தாள். அதிலும் அப்படியே. எந்த இடத்திலிருந்து பிழை தொடங்குகிறது என்று பின்னோக்கித் தேடினாள். இசை வரிகளைக் குறுக்குக் கோடுகள் பிரிக்கிற கட்டங்களில் இருநூற்றுப் பன்னிரண்டாவது. அதற்கு முன்னால் ஒரு சுரம்கூட அசையவில்லை.

கை தானாகக் கணினி விசைப்பலகையை விட்டு விலகியது.

இந்த இசையை இயற்றிய ஹெக்டர் பாஸ்கோ எழுதி நிறுத்தியது இருநூற்றுப் பதினொன்றில். மீதிப் பதினோரு கட்டங்களும் மெரினே எழுதிச் சேர்த்தவை. பேனா பிடிக்க முடியாமல் படுக்கையில் கிடந்தவர், முடிவு மனதில் இருக்கிறது, வந்து கேட்டு எழுதிக்கொள் என்று மூன்று நாள் அழைத்தார். மழையில் நனைந்த அதே கம்பளிக் கோட்டோடு வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு சுரத்தின் பெயருக்கும் ஒரு மணி நேரம் வாதாடுகிற கிழவர். மெரினுக்கு அலுப்பு. இரண்டு நாள் சாக்குச் சொன்னாள். மூன்றாம் நாள் போன் மேசையில் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்ததைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் அவர் இல்லை. துக்கத்துக்குப் போனபோது மகள் டெல்வின், "அப்பா முடிச்சுட்டாரா?" என்று கேட்டாள். வாயில் வந்தது, "முடிச்சுட்டார்."

இப்போது டெல்வினிடமிருந்தே அழைப்பு.

"என்ன மெரின், உயிரோட இருக்கியா? நாளைக்குக் காலையில ஒத்திகை. தாள் இல்லாம நாலு பேரும் என்னைத்தான் கடிச்சுத் திம்பாங்க."

"ராத்திரிக்குள்ள அனுப்பிடறேன். ஒரு சின்னப் பிழை."

"சரி, சரி." டெல்வின் குரல் தணிந்தது. "ஒண்ணு கேக்கணும், கோச்சுக்காதே. நீ முதல்ல அனுப்பின மாதிரிப் பிரதியில கடைசிப் பக்கத்தை வாசிச்சுப் பார்த்தேன். அழுதுட்டேன். அது அப்பாவே எழுதினதுதானே? கடைசி வாரம் அவரால கரண்டியே பிடிக்க முடியலை. அதான்."

மழை நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. சொல்லிவிடலாம். இப்போதே. ஒரே மூச்சில்.

"அவரேதான்," என்றாள் மெரின். "நான் பிரதி எடுத்ததோட சரி."

"கில்லாடிக் கிழம்!" டெல்வின் சிரித்தாள், சிரிப்பு பாதியில் உடைந்தது. "நன்றி மெரின். நீ மட்டும் இல்லேன்னா..."

இணைப்பு அறுந்தது.

திரையில் பதினோரு கட்டங்களும் வெறுமையாக இருந்தன. அவள் எதையும் அழிக்கவில்லை. முதல் கட்டத்தின் தொடக்கத்தில் கர்சர் கோடு மினுங்கியது. நின்றது. மினுங்கியது. யாரோ வாசிக்கக் காத்திருந்தது.

எழ நினைத்தாள். முதுகுக்குப் பின்னால் ஈரக் கம்பளி. மிக அருகில்.

வலது கை பியானோ கீபோர்டின் மேல் இருந்தது. அவள் வைக்கவில்லை. இழுத்தாள். வரவில்லை.

ஆள்காட்டி விரலின் மேல் ஏதோ படிந்தது. குளிர்ச்சியானது. எலும்பாலானது. பொறுமையானது.

கறுப்புக் கட்டை மெல்லக் கீழே இறங்கியது. ஒரே சுரம். ஓயாமல்.

அழுத்தம் கூடியது. நகம் வெளுத்தது. விரல் பின்புறமாக வளையத் தொடங்கியது.

காதோரம், மூச்சே இல்லாத ஒரு கிழட்டுக் குரல் கேட்டது:

"பேரைச் சொல்லு."