பட்டியலில் பன்னிரண்டாம் எண் வீடு

அன்று காலை கணினி தந்த பட்டியலில் யோகேந்திரனின் சொந்த வீடும் இருந்தது.

மலேசியாவின் திகாம் பத்து என்ற ஊரின் சமூகக் காவல் அறையில் அவன் எழுத்தர். பழைய புகார்கள், அவசர அழைப்புகள் எல்லாம் கணினிக்குள் போகும். வரும் வாரத்தில் எந்த வீட்டில் யாருக்கு அடி விழக்கூடும் என்று அது கணித்துச் சொல்லும். அந்த வீடுகளுக்குக் காவலர் ஜெயகுமார் போய்ப் பேசுவான். அப்படிச் சில பெண்கள் தப்பியிருந்தார்கள்.

எண் பன்னிரண்டு. பெண்ணுக்கு ஆபத்து. எண்பத்தொரு விழுக்காடு.

அந்த வீட்டில் இருக்கும் ஒரே பெண் அவன் மனைவி உமாராணி. பக்கத்து வீட்டுக் குணவதி, சத்தம் கேட்கிறதென்று இரண்டு முறை புகார் சொல்லியிருந்தாள். அது அவனுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. கோயில் திருவிழாவில் உமா ஜெயகுமாரிடம் சிரித்துப் பேசியதுதான் கண்ணில் நின்றது. அந்தச் சிரிப்பை வீட்டில் பார்த்து ஒரு வருடமாகிறது. இந்தப் பட்டியல் போனால் இனி ஜெயகுமாரே வாசலில் வந்து நிற்பான். அவள் கதவைத் திறப்பாள்.

வரியை அழித்தான்.

சற்று நேரத்தில் அது மறுபடி வந்தது. எண்பத்தெட்டு. அழித்தான். தொண்ணூற்று மூன்று.

பட்டியலில் ஏதும் விட்டுப்போயிற்றா என்று மதியம் ஜெயகுமார் கேட்டான்.

"இல்லலா, அவ்வளவுதான்."

ஜெயகுமார் கைப்பேசியைப் பார்த்தபடியே வெளியே போனான். யாருடைய செய்தி?

யோகேந்திரன் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுக் கிளம்பினான். செம்பனை மட்டைகளில் மழை இறங்கும் ஓசையும் அழுகிய பழக்குலைகளின் புளித்த வாடையும் சாலை நெடுக அவனைத் தொடர்ந்து வந்து, பட்டப்பகலில் சன்னல்கள் சாத்தியிருந்த அவன் வீட்டுக்குள்ளும் நுழைந்தன. கூடத்தில் ஆளில்லாமல் மின்விசிறி சுற்றியது. மேசையில் இரண்டு கோப்பைகள். ஒன்றில் இன்னும் ஆவி.

குளியலறையில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கடியில், கைப்பேசியில் பேசும் உமாவின் கிசுகிசுப்பு.

"ஜெயகுமார் அண்ணே, அவரு வந்துட்டாரு. குணவதிக்கா இப்பதான் போனாங்க. சீக்கிரம் வாங்க."

அவன் காதில் விழுந்தது பெயர் மட்டும்.

"உமா. உள்ள யாரு?"

தண்ணீர் நின்றது.

கையில் பாராங் கத்தி. எடுத்தது நினைவில்லை.

குனிந்தான். கதவடி இடைவெளியில் ஈரப் பாதங்கள். ஒரு சோடிதான். நன்றாகப் பார்த்தான். ஒரு சோடிதான்.

நிமிர்ந்து, தோளால் கதவை மோதினான். தாழ்ப்பாள் தெறித்தது.

பாதங்கள் பின்வாங்கின. சுவரில் முட்டின. நுனிவிரல்களில் எழும்பி நின்றன.