வளைந்த திரையில் ஒரு முகம்

சில்லுவின் வீட்டுக்கு ஒரே நாளில் இரண்டு மானிட்டர்கள் வந்து இறங்கின. இரண்டில் ஒன்றுதான் தங்கும். இன்னொன்று ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குள் கடைக்குத் திரும்பிப் போய்விட வேண்டும்.

பழைய மானிட்டர் போன வாரம்தான் உயிரை விட்டது. அதில் படம் பார்த்தால் யானைக்கும் எலிக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் வீட்டில் யாரும் அதற்காகக் கண் கலங்கவில்லை.

"கடையில பார்த்தா எல்லாமே அழகாத்தான் தெரியும். வீட்டுல வச்சுப் பாருங்க. மூணு நாள் டைம் தர்றேன்" என்று சொல்லி, கம்ப்யூட்டர் கடைக்காரர் இரண்டையும் கொடுத்தனுப்பியிருந்தார்.

வீட்டில் அம்மா, அண்ணன், சில்லு என்று மூன்றே பேர். சில்லு என்பது அண்ணன் வைத்த பட்டப்பெயர். பத்து வயதாகியும் ஆள் வளரவில்லையாம். அம்மா பேருந்து ஓட்டுகிறார். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் குறட்டை கேட்கும்.

"எதை வாங்கினாலும் நான் அது முன்னாடி தூங்கத்தான் போறேன். அதனால நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. ஆனா ஒண்ணு. ஒத்துப் போகலைன்னா ரெண்டையும் திருப்பிக் கொடுத்துடுவேன்" என்றார் அம்மா.

அம்மா சொன்னால் சொன்னதுதான்.

இரண்டு மானிட்டர்களும் நல்ல அகலம். ஒன்று வளைந்திருந்தது. அதன் முகம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. அணைத்து வைத்தால் அப்படி ஒரு கறுப்பு. இன்னொன்று தட்டையானது, பளபளப்பு கிடையாது. வண்ணங்களும் கொஞ்சம் சாதுவாகத்தான் தெரிந்தன.

அண்ணன் பார்த்தவுடனே வளைந்ததைக் கட்டிக்கொண்டான். "இதுல எல்லாமே வேகமா நகரும். மாளிகை விளையாட்டுல காவலாளி வர்றதுக்குள்ள நான் ஓடிடலாம்!"

சில்லுவுக்கும் அதுதான் பிடித்திருந்தது. விளையாட்டுக்காக இல்லை, படத்துக்காக. அதில் கடல் நீலத்தைப் பார்த்தபோது அவளுக்குக் கால் நனைந்துவிட்டதோ என்றே தோன்றியது. இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது என்று அப்போது நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு வளைந்த மானிட்டரில் படம் போட்டார்கள். ஒரு தாடிக்கார மாலுமியும், அவருடைய தொப்பியைத் திருடும் வாத்தும் வருகிற படம். அண்ணன் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்தான். சில்லுவுக்கு வலது ஓரத்தில் ஒரு முக்காலி கிடைத்தது. முதுகுப் பக்கம் ஜன்னல். அதற்கு வெளியே குறுகலான சந்து.

மாலுமி ஒரு குகைக்குள் நுழைந்தார். திரை முழுவதும் இருட்டாகிவிட்டது.

அந்த இருட்டில் ஒரு முகம் இருந்தது.

அகலமாக இழுபட்ட முகம். காதுகள் இரண்டும் எங்கேயோ தள்ளி நின்றன. இரண்டு கண்கள் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தன.

"அண்ணா, குகைக்குள்ள யாரு அது?"

"யாரும் இல்லையே. வாத்து மட்டும்தான் இருக்கு."

மாலுமி விளக்கை ஏற்றினார். முகம் மறைந்துவிட்டது. விளக்கு அணைந்ததும் திரும்ப வந்துவிட்டது. வாத்து தொப்பியைப் பிடுங்கியது. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். திரைக்குள் இருந்த முகமும் வாயைத் திறந்து சிரித்தது. சத்தமே இல்லை.

சில்லு சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். அறையில் ஒருவரும் இல்லை. எதிர்க் கட்டடத்து ஜன்னல்கள் எல்லாம் வெறிச்சோடிக் கிடந்தன.

அண்ணன் அவள் முக்காலியில் உட்கார்ந்து பார்த்தான். அவனுக்கு எதுவும் தெரியவில்லை. "பயமா இருந்தா சொல்லு, பூனை எலி கார்ட்டூன் போடறேன்" என்று கிண்டலடித்தான். பிறகு ஏதோ நினைவு வந்தவனாக, "இந்த மானிட்டரை யாரோ வாங்கிட்டு ஒரே வாரத்துல திருப்பிக் கொடுத்துட்டாங்களாம். கடைக்காரர் சொன்னார்" என்றான்.

"ஏன் திருப்பிக் கொடுத்தாங்க?"

"தெரியலையே!"

அன்று இரவு சில்லு விளக்கை அணைக்காமலேயே படுத்தாள்.

சனிக்கிழமை தட்டை மானிட்டரை மாட்டினார்கள். அதே படம், அதே குகை. முகம் வரவில்லை. இருட்டு வெறும் இருட்டாகவே இருந்தது. ஆக, அது வளைந்த மானிட்டருக்குள்தான் குடியிருக்கிறது என்று சில்லு முடிவு கட்டிவிட்டாள்.

இப்போது என்ன செய்வது? தட்டையானதுதான் வேண்டும் என்றால் அண்ணன் ஒத்துக்கொள்ள மாட்டான். காரணத்தைச் சொன்னால் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான். வளைந்ததற்குச் சரி என்று தலையாட்டினால் அந்த முகம் வருடக்கணக்கில் வீட்டிலேயே இருக்கும். முடிவே எடுக்காவிட்டால் இரண்டும் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வானம் மூடிக்கொண்டிருந்தது. அம்மா வேலைக்குப் போயிருந்தார். அண்ணன் முடி வெட்டிக்கொள்ளப் போனான். சில்லு மனதைத் திடப்படுத்திக்கொண்டு வளைந்த மானிட்டரை மாட்டினாள். வலது ஓரத்து முக்காலியில் உட்கார்ந்தாள். திரையை ஒளிரவிடாமல், கறுப்பாகவே வைத்தாள்.

முகம் இருந்தது.

எழுந்து ஓடிவிடலாம் என்று கால்கள் சொல்லின. ஆனால் அவள் கண்கள் ஒன்றைக் கவனித்துவிட்டன. அந்த முகம் கன்னத்தில் கை வைத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பொழுதே போகவில்லை போலிருந்தது.

பேய்க்குக்கூடவா பொழுது போகாது?

மெதுவாக எழுந்து, பின்பக்கமாகவே நடந்து, ஒரு போர்வையை எடுத்து ஜன்னலில் தொங்கவிட்டாள். முகம் மறைந்தது. போர்வையை இழுத்தாள். முகம் வந்தது. இன்னொரு தடவை செய்து பார்த்தாள். அதேதான்.

"மானிட்டருக்குள்ள இருந்தா போர்வைக்கு எதுக்கு மறையணும்?" என்று சில்லு தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். அப்படியானால் அது ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது. ஆனால் திரும்பிப் பார்த்தால் காணாமல் போய்விடுகிறது. திரும்பாமலேதான் பேச வேண்டும்.

கம்ப்யூட்டரில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்தாள். வெள்ளைப் பக்கத்தில் முகம் தெரியாது. அதனால் பக்கத்தைக் கறுப்பாக்கி எழுத்தை வெள்ளையாக்கினாள். பெரிய எழுத்தில், இடது ஓரத்திலிருந்து தட்டினாள்.

நீ பேயா?

முகம் கண்ணைச் சுருக்கியது. கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது. படிக்க முடியவில்லை என்பதுபோல உதட்டைப் பிதுக்கியது. சில்லு எழுத்தை வலது பக்கம் நகர்த்தினாள்.

முகம் திடுக்கிட்டது. பிறகு இல்லை, இல்லை என்று பலமாகத் தலையாட்டியது.

அப்போ மனுஷனா?

ஆமாம் என்று ஆட்டியது.

நான் திரும்பட்டுமா?

முகம் மறைந்துவிட்டது. திரையில் வெறும் கறுப்பு. சில்லு காத்திருந்தாள். சுவர்க் கடிகாரம் மட்டும் சத்தம் போட்டது. ரொம்ப நேரம் கழித்து முதலில் நெற்றி தெரிந்தது. பிறகு கண்கள் வந்தன. முகம் சரி என்று தலையசைத்தது.

சில்லு திரும்பினாள்.

சந்துக்கு அந்தப் பக்கம், திரைக்கு இடது ஓரமாகச் சற்றுத் தள்ளி, மேல்மாடி ஜன்னலில் ஒரு பையன். எட்டு வயது இருக்கலாம். காதுகள் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தன. வளைந்த திரைதான் அவனை அப்படி இழுத்துக் காட்டியிருக்கிறது.

"ரெண்டு நாளா என்னைப் பயமுறுத்தினது நீதானா?" என்று சில்லு கத்தினாள்.

"நான் எங்க பயமுறுத்தினேன்? நீதான் திடீர் திடீர்னு திரும்பி என்னைப் பயமுறுத்தின!"

அவனுக்குக் காலில் மாவுக்கட்டு. இன்னும் இரண்டு மாதம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாதாம். கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். சித்தி துணி வெளுக்கும் கடைக்கு வேலைக்குப் போய்விட்டால் அவன் தனியாகத்தான் கிடக்க வேண்டும்.

"அடுத்தவங்க வீட்டை எட்டிப் பார்க்கக் கூடாதுன்னு சித்தி சொல்லியிருக்காங்க. அதான் நீ திரும்பினா நான் குனிஞ்சுக்குவேன். சித்திகிட்ட சொல்லிட மாட்டியே?"

"மாட்டேன்."

"அந்த வாத்து தொப்பியைத் தூக்கிட்டு எங்க போச்சு? முத நாள் பார்த்தப்ப இடது பக்கம் ஓடிச்சு. இந்த வளைஞ்ச டிவியில எனக்கு இடது பக்கமே தெரியாது. நேத்து வச்சீங்களே சப்பையா ஒண்ணு, அதுல முழுசாத் தெரிஞ்சுது. ஆனா பாதியில நிறுத்திட்டீங்க" என்றான். பிறகு எங்கேயோ பார்த்துக்கொண்டு, "எதை வச்சுக்கப் போறீங்க?" என்று கேட்டான்.

சும்மா கேட்பதுபோலத்தான் கேட்டான். ஆனால் அவன் விரல் ஜன்னல் கம்பியைச் சுரண்டிக்கொண்டே இருந்தது.

சில்லு யோசித்தாள். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. இனி வளைந்ததையே வைத்துக்கொள்ளலாம். அண்ணன் குதிப்பான். அந்த நீலக் கடல் அவளுக்குத்தான். இதை நினைத்தபோது சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்தப் பையனைப் பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது.

அண்ணன் வந்ததும் சில்லு எல்லாவற்றையும் சொன்னாள். "அதனால தட்டையானதை வச்சுக்கலாம் அண்ணா."

"எவனோ ஒருத்தன் பார்க்கிறதுக்கு நாம மானிட்டர் வாங்கணுமா? நல்லா இருக்கே கதை!" என்றான் அவன். மாளிகை விளையாட்டைத் தொடங்கி, மூன்று தடவை காவலாளியிடம் மாட்டிக்கொண்டு, எரிச்சலோடு நிறுத்தினான்.

"சரி, வைக்க வேண்டாம். ஆனா ஒரே ஒரு தடவை அவன் ஜன்னல்ல வந்து நில்லு. அதுக்கப்புறம் நீ சொல்றதுதான்" என்றாள் சில்லு.

நாலரை மணிக்கு இருவரும் எதிர்க் கட்டடத்துப் படி ஏறினார்கள். சித்தி அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் பையன் பக்கம் திரும்பினார். "எட்டிப் பார்க்காதேன்னு உனக்கு எத்தனை தடவை சொன்னேன்?"

"அவன் எட்டிப் பார்க்கலை அக்கா. நாங்கதான் காட்டறோம்" என்றாள் சில்லு.

சித்தி அவளை ஏற இறங்கப் பார்த்தார். வழி விட்டார்.

அண்ணன் ஜன்னலருகே போய் நின்றான். கீழே அவர்களுடைய அறை தெரிந்தது. நிறுத்தி வைத்த விளையாட்டின் இருண்ட மாளிகை திரையில் மங்கலாக இருந்தது. அதன் முன்னால், அவனுடைய நாற்காலியில், யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கை தொங்கியது. அந்த உருவம் அசையவே இல்லை.

அண்ணன் சில்லுவின் மணிக்கட்டை இறுகப் பிடித்தான். "கதவைப் பூட்டிட்டுத்தானே வந்தோம்?" அவன் குரல் கீச்சென்று வந்தது.

சில்லு உற்றுப் பார்த்தாள். பிறகு அந்த உருவத்தின் நீலச் சீருடை தெரிந்தது.

"அம்மா! டியூட்டி முடிஞ்சு வந்து தூங்கறாங்க!"

பையன் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. அண்ணன் மட்டும் கொஞ்ச நேரம் யாரையும் பார்க்கவில்லை.

"அண்ணே, இங்கேருந்து பாருங்க, இடது பக்கம் தெரியுதா?" என்று பையன் கேட்டான்.

தெரியவில்லை. வளைந்த திரையின் இடது ஓரம் மடங்கி ஒரு கோடாக நின்றது. மாளிகையில் பாதிதான் இருந்தது.

"நேத்து சப்பை டிவியில நீங்க விளையாடினப்ப முழுசாப் பார்த்தேன். இடது பக்கம் ஒரு சின்னக் கதவு இருக்கு. காவலாளி ஒவ்வொரு தடவையும் அது வழியாத்தான் வர்றான். நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கிறதில்லை. எனக்கு மனசு அடிச்சுக்குது, ஆனா கத்த முடியாதே!"

அண்ணன் அந்தப் பாதி மாளிகையைத் திரும்பப் பார்த்தான். இரண்டு மாதமாக அவன் மாட்டிக்கொள்கிற இடம் அது.

"நீ கத்தினா எங்க வீட்டுக்குக் கேட்குமா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"உங்க அம்மாவே முழிச்சுக்குவாங்க" என்றான் பையன்.

அண்ணன் விடுவிடுவென்று படி இறங்கினான். தெருவுக்கு வந்ததும், "உனக்கும் வளைஞ்சதுதானே பிடிச்சிருந்தது?" என்று கேட்டான்.

"ஆமா."

"ரொம்பவா?"

"ரொம்ப" என்றாள் சில்லு.

அண்ணன் அவள் தலையைக் கலைத்துவிட்டான். ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இருவரும் வளைந்த மானிட்டரைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு கடைக்குள் நுழைந்தார்கள்.

"இதையா திருப்பறீங்க?" கடைக்காரருக்கு நம்ப முடியவில்லை. "இதுக்கு முன்னாடி வாங்கினவர் மேஜையில இடம் இல்லைன்னு திருப்பினார். உங்களுக்கு என்ன குறை?"

"ஓரத்துல இருந்து பார்த்தா சரியாத் தெரியலை அங்கிள்" என்றாள் சில்லு.

"வீட்டுல மூணு பேர்தானே? அவ்வளவு ஓரத்துல யார் உட்காருவாங்க?"

அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இருக்காங்க" என்றான் அண்ணன்.

ஆறரை மணிக்குப் படம் முதலிலிருந்து ஓடியது. பேச்செல்லாம் கீழே பெரிய எழுத்தாக வந்தது. ஜன்னல் முழுசாகத் திறந்திருந்தது. அம்மா வழக்கம்போலப் பத்தாவது நிமிடத்தில் தூங்கிவிட்டார். கடல் முன்பு பார்த்த அளவுக்கு நீலமாக இல்லை. ஆனாலும் கடல்தான்.

மாலுமி குகைக்குள் நுழைந்தார். திரை இருண்டது. சில்லு அந்த இருட்டை உற்றுப் பார்த்தாள். ஒரு முகமும் இல்லை. இரண்டு நாள் எந்த முகத்துக்குப் பயந்தாளோ, அது இல்லாதது இப்போது என்னவோபோல் இருந்தது. அவன் இருக்கிறானா, தூங்கிவிட்டானா?

மெல்ல எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

இருண்ட ஜன்னலில், திரையின் வெளிச்சம் பட்டு, இரண்டு முகங்கள் மிதந்தன. ஒன்று பையனுடையது. அதற்கு மேலே இன்னொன்று. நான்கு கண்களும் இமைக்காமல் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன.

அப்போது மேலே இருந்த முகம் பேசியது. சித்தியின் குரல்.

"கொஞ்சம் உட்காரும்மா கண்ணு, வாத்து மறையுது!"