நிபந்தனைக்குள் நிபந்தனை

திங்கள் காலை எட்டு மணி. யட்டவத்தயில் நளீம் ஹாஜியாரின் ஸ்டோர் கதவு பூட்டியபடியே இருந்தது. உள்ளே ஏற்றுமதிக்கு உலர்த்தி வைத்திருந்த வனிலாக் காய்கள் மட்டும் இல்லை. நம்பர் பூட்டில் ஒரு கீறல்கூடக் கிடையாது. சனி இரவு ஒருமுறை திறந்ததாக அதிலேயே பதிவாகியிருந்தது.

பதினொரு மணிக்கு நிரஞ்சனி வந்தாள். கம்பனி ஆட்கள் தகவல்களை எழுதிவைத்துப் போனில் பார்க்கும் விக்கி தளத்துக்கு மென்பொருள் எழுதியவள் அவள். பூட்டின் நம்பர் அதில் ஒரு பக்கத்தில் இருந்தது. 'ஸ்டோர் பொறுப்பாளர் என்றால் மட்டும் காட்டு' என்று நிபந்தனை.

பொறுப்பாளர் பொன்னையா வாசலில் குந்தியிருந்தார். பக்கத்தில் பொலிஸ் ஜீப்.

"நம்பர் யாருக்குத் தெரியும், மகள்?" ஹாஜியார் கேட்டார்.

"பொன்னையாவுக்கு மட்டும்தான் மாமா. ஆரம்பத்துல இருந்தே அப்படித்தான்," என்றான் ஷிஹாம். ஹாஜியாரின் தங்கை மகன். ஏற்றுமதி பில் போடுபவன். "என் போன்ல பாருங்க. ஒண்ணும் காட்டாது."

காட்டவில்லை.

"நீங்க விக்கியில பக்கம் எழுதுறதுண்டா?" நிரஞ்சனி அவனைக் கேட்டாள்.

"எனக்கு எதுக்கு மிஸ் அந்தத் தலையிடி?"

"அப்போ நேத்து எனக்கு மெசேஜ் போட்டது எதுக்கு?"

ஞாயிறு காலை வந்த மெசேஜ். 'நிபந்தனைக்குள்ள இன்னொரு நிபந்தனை வச்சா உடையுது, இன்னைக்கே சரிபண்ணுங்க மிஸ்.' ஏன் என்று கேட்காமல் அவளும் விக்கியை இயக்கும் எஞ்சினை அன்றே திருத்தி முடித்தாள்.

"அது... பொதுவா சொன்னது."

நிரஞ்சனி மடிக்கணினியில், திருத்துவதற்கு முந்தைய பழைய எஞ்சினை ஏற்றினாள். ஷிஹாம் பெயரில் ஸ்டோர் பக்கத்தைத் திறந்தாள். நம்பர் பளிச்சென்று நின்றது.

"பொறுப்பாளர் நிபந்தனைக்கு உள்ளே, சிங்களம் வாசிக்கிறவங்களுக்குன்னு இன்னொரு நிபந்தனை இருக்கு. பழைய எஞ்சினுக்கு ஒண்ணுதான் தெரியும். உள்நிபந்தனை முடிஞ்ச இடத்துலயே வெளியதையும் மூடிரும். அதுக்குக் கீழ இருந்த நம்பர் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. இப்படி ரெண்டு நிபந்தனை உள்ள பக்கம் விக்கியிலயே இது ஒண்ணுதான். உடையுதுன்னு தெரிஞ்சவர் இதைத்தான் பார்த்திருக்கணும். பார்த்தவர், ஆரம்பத்துல இருந்தே பொன்னையாவுக்கு மட்டும்தான் தெரியும்னு ஏன் சொன்னார்? நேத்து ஓட்டையை என் கையாலேயே அடைக்க வச்சு, பொன்னையாவை உள்ள பூட்டிட்டார்."

"சரக்கு எங்கடா?" என்றார் ஹாஜியார்.

ஷிஹாம் தரையைப் பார்த்தான். "நாலந்தாவுல. கூட்டாளி வீட்டுல."

ஹாஜியார் ஜீப்பில் இருந்த பொலிஸ்காரரிடம் போய்ச் சிங்களத்தில் தாழ்ந்த குரலில் பேசினார். ஜீப் திரும்பிப் போனது.

பொன்னையா எழுந்தார். "நாளைக்கு வேலைக்கு வரட்டுங்களா, முதலாளி?"

"கொஞ்ச நாள் வீட்டுல இரு. ஊர் வாய் அடங்கட்டும்."

"நான் எடுக்கலன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா அடங்கிருங்க."

"சொன்னா, அப்போ எடுத்தது யாருன்னு கேட்பாங்களே, பொன்னையா." ஹாஜியார் நிரஞ்சனியிடம் திரும்பினார். "விக்கியில ஸ்டோர் பொறுப்பாளர்னு என் பேரைப் போடுங்க, மகள்."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு மாற்றினாள்.

பொன்னையா தன் போனில் ஸ்டோர் பக்கத்தைத் திறந்தார். வெறுமையாக இருந்தது.

"சரியா வேலை செய்யுதுங்க மிஸ்," என்றார்.